நீல ஊரில் காணாமல் போன ஒரு மணி நேரம்: ஷெஃப்ஷாவுன் கரைப்பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சொகுசுக் கப்பலில் போன 12 பேர் கொண்ட தமிழ்க் குழு ஒன்று, மொரோக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்தில் இறங்கி ரிஃப் மலையிலுள்ள ஷெஃப்ஷாவுன் ஊருக்கு ஒரு நாள் போய் வந்தது. மாலையில் 10 பேர் நேரத்துக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரு தம்பதியும் குழுவை அழைத்துப் போன நானும் கப்பலைத் தவறவிட்டோம். அந்த அம்மாவின் முழங்கால் வலியால்தான் எல்லாம் கெட்டது என்று ஊர் திரும்பிய பிறகு குழுவில் ஒரு பேச்சு ஓடியது. அது சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ கப்பலின் பெயரோ இதில் இல்லை.

பின்னணி

பார்சிலோனாவில் தொடங்கி அங்கேயே முடியும் 7 இரவுப் பயணம். மே மாதம். டாஞ்சியருக்கு முந்தைய துறை காடிஸ், அடுத்த துறை மாலகா. இரண்டும் ஸ்பெயின். ஸ்பெயினிலிருந்து மொரோக்கோவுக்குப் போய்த் திரும்பினால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் இரண்டாவது முறை நுழைவதாகக் கணக்கு. அதனால் எல்லோருக்கும் பலமுறை நுழையும் விசாவாகவே எடுத்திருந்தோம். மொரோக்கோ விசா தனி. அன்று நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டு வேலைகளில் இது ஒன்று. பாஸ்போர்ட் அசலைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னது இன்னொன்று.

குழுவில் பெரும்பாலோர் கொங்குப் பக்கத்துக்காரர்கள். வயது 45 முதல் 71 வரை. கப்பல் நிறுவனமே ஷெஃப்ஷாவுனுக்கு ஒரு சுற்றுலா வைத்திருந்தது. அதன் கட்டணம் தனி வண்டியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சைவச் சாப்பாட்டுக்கும் உறுதி கிடைக்கவில்லை. எனவே ஒரு மினி பஸ்ஸை முன்கூட்டியே பேசி வைத்தோம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். இல்லையென்றாலும் அடுத்த துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாக வண்டி பிடித்துப் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1471-இல் மௌலாய் அலி இப்னு ரஷீத் இதைக் கோட்டையாக நிறுவினார். கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த போர்த்துகீசியரைத் தடுப்பதே நோக்கம். டாஞ்சியரும் அதே ஆண்டில்தான் அவர்கள் கைக்குப் போனது. 1492-இல் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா விழுந்தபோது,  ஸ்பெயினிலிருந்து ஓடிவந்த முஸ்லிம்களும் யூதர்களும் இங்கே குடியேறினார்கள். அதன் பிறகு பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்கள் எளிதில் நுழைய முடியாத ஊராக இருந்தது. சார்ல்ஸ் டி ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1883-இல் யூத ரபி (மதகுரு) வேடத்தில்தான் உள்ளே போய் வந்தார். வெளியாட்கள் சுலபமாக வந்துவிடக் கூடாது என்று கட்டிய ஊர் இது. மலைச் சரிவு, படிக்கட்டு, குறுகிய சந்து, மெதினா என்ற பழைய நகருக்குள் வண்டி போகாது. சுவர், கதவு, படி எல்லாம் நீலம். ஏன் நீலம் என்று கேட்டால் யூதர் வழக்கம் என்பார் ஒருவர், கொசு வராது என்பார் இன்னொருவர், வெயிலுக்குக் குளிர்ச்சி என்பார் மூன்றாமவர். எனக்கு அன்று அந்த நீலத்தால் வந்த சிக்கல் வேறு. வழி தவறியவருக்கு அடையாளம் சொல்ல முடியாது. நீலக் கதவைத் தாண்டி வாருங்கள் என்றால் எந்தக் கதவு?

திட்டமும் இரண்டு கடிகாரங்களும்

நான் அச்சடித்துக் கொடுத்த தாள் இப்படி இருந்தது. 8:45 துறைமுகத்திலிருந்து புறப்பாடு. 11:30 ஷெஃப்ஷாவுன். 1:00 மதிய உணவு. 2:15 திரும்பப் புறப்பாடு. 4:45 துறைமுகம். 5:30-க்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். 6:00 கப்பல் கிளம்பும். சாலைத் தூரம் ஒரு வழிக்கு சுமார் 110 கிலோமீட்டர். டெட்டுவான் வழியாகப் போகும் மலைப்பாதை என்பதால் இரண்டரை மணி நேரம் போட்டிருந்தேன். திரும்பும்போது முக்கால் மணி நேரம் கையிருப்பு. மோசமான திட்டம் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று: எந்த ஊர் நேரம்?

மொரோக்கோ 2018 அக்டோபரிலிருந்து ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்கிறது. ரமலான் மாதத்தில் மட்டும் ஒரு மணி பின்னால் தள்ளிக் கிரீன்விச் நேரத்துக்கே வந்துவிடும். ஸ்பெயின் கோடையில் கிரீன்விச்சுக்கு இரண்டு மணி முன்னால், குளிர்காலத்தில் ஒரு மணி முன்னால். ஆக, குளிர்காலத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே மணி. கோடையில் ஒரு மணி வித்தியாசம். ரமலான் ஸ்பெயினின் கோடை நேரத்தோடு சேர்ந்து வந்துவிட்டால் இரண்டு மணி வித்தியாசம். இரு கரைக்கும் நடுவே கடல் மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான்.

எங்கள் கப்பல் அன்று ஸ்பெயின் நேரத்தையே வைத்துக்கொண்டது. முந்தின இரவு அறைக்கு வந்த நிகழ்ச்சித் தாளில் அந்த வரி இருந்தது. நான் படித்தேன். காலைச் சாப்பாட்டில் “போன்ல மணி மாறும், பாத்துக்கங்க” என்று சொல்லவும் செய்தேன். சொன்னேன், அவ்வளவுதான். தாளைத் திருத்தவில்லை. மினி பஸ் ஓட்டுநரிடமும் கப்பல் எந்த மணிக்கு ஓடுகிறது என்று சொல்லவில்லை.

இனிக் குழப்பம் வராமல் இருக்க, கீழே கப்பல் நேரத்தையும் ஊர் நேரத்தையும் பிரித்தே எழுதுகிறேன். கப்பல் நேரம் ஊர் நேரத்தைவிட ஒரு மணி கூடுதல்.

காலை: தாமதம் தெரியாமல் போன விதம்

கப்பல் நேரம் 8:00-க்குக் கப்பலைத் துறையில் கட்டினார்கள். குடியேற்றத்தில் முத்திரை வாங்க வரிசை நீண்டுவிட்டது. துறைமுக வாசலை விட்டு வண்டி கிளம்பியபோது கப்பல் நேரம் 9:30. முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று. வழியில் டீக்கு ஒரு நிறுத்தம். டெட்டுவானுக்கு மேல் வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி, அதற்கு ஒரு நிறுத்தம். ஷெஃப்ஷாவுன் சேரும்போது கப்பல் நேரம் 12:10.

ஆனால் போனில் மணி 11:10. தாளிலோ 11:30 வருகை என்று இருக்கிறது. “பரவாயில்லையே, இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்” என்று வண்டிக்குள் ஒரு குரல். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். உண்மையில் நாங்கள் 40 நிமிடம் பின்தங்கியிருந்தோம். காலைச் சாப்பாட்டில் எல்லோரையும் எச்சரித்த ஆள், தன் போன் வழியில் தானாக மாறிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. முத்திரை வரிசையில் முக்கால் மணி நேரம் போனது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படி இருந்தும், முன்னதாக வந்திருக்கிறோமே, எப்படி என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. நல்ல செய்தியை யாரும் சந்தேகப்படுவதில்லை போலும்.

எல்லோரையும் உத்தா எல் ஹம்மாம் சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். கோட்டையும் பெரிய பள்ளிவாசலும் இருக்கிற இடம் அது. பள்ளிவாசலின் கோபுரத்துக்கு எட்டுப் பட்டை. ஊரில் அடையாளம் சொல்ல அதுதான் உதவும். “1 மணிக்கு இங்கே சாப்பாடு, அதுவரை சுற்றிப் பாருங்கள்” என்று பிரித்துவிட்டேன். எல்லோரும் போனைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மதியம்: கைக்கடிகாரம்

ஊர் நேரம் 1:05. சதுக்கத்தின் ஓரத்து உணவகத்தில் 10 பேரும் நானும் உட்கார்ந்துவிட்டோம். மண்சட்டியில் வேகவைத்த காய்கறி தஜின், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, பிசாரா. பிசாரா என்பது காய்ந்த மொச்சை போன்ற ஒரு பயறை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தரும் கெட்டிச் சூப். நம்மவர்களுக்கு உடனே பிடித்துப்போகிற பண்டம்.

குழுவில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் கட்டியிருந்தார். பார்சிலோனாவில் கப்பல் ஏறியபோது கப்பல் மணிக்கு வைத்தவர், அப்புறம் அதைத் தொடவேயில்லை. போனில் மணி பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, மணி ரெண்டு அஞ்சு ஆச்சுங்க. ரெண்டே காலுக்கு வண்டின்னு போட்டிருக்கீங்க. இப்பத்தான் சாப்பாடே சொல்றீங்க?”

கணக்கு விளங்க எனக்கு அரை நிமிடம் ஆனது. புறப்பாட்டுக்கு ஒரு மணிக்கும் மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு மீதி 10 நிமிடம். அதைவிட, 12 பேரில் இரண்டு பேர் வரவில்லை. 68 வயது அம்மாவும் அவர் கணவரும். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், சர்க்கரை. இருவர் போனிலும் ரோமிங் இல்லை. “தண்ணி விழற இடத்தப் பாக்கப் போறோம்னு சொன்னாங்க” என்றார் ஒருவர். அது ராஸ் எல் மா என்ற ஊற்று. மெதினாவின் கிழக்கு ஓரம்.

முடிவு ஒன்று: குழுவைப் பிரிப்பது

ஊர் நேரம் 1:15. இரண்டு வழிகள் இருந்தன. 10 பேரையும் நிறுத்தி வைத்து இருவரையும் தேடுவது, அல்லது வண்டியை அனுப்பிவிட்டு நான் தங்குவது. இருவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வழியில்லை. வண்டி 1:45-ஐத் தாண்டிக் கிளம்பினால் கையிருப்பு கால் மணிக்கு இறங்கிவிடும். டெட்டுவானில் ஒரு நெரிசல் போதும், 13 பேரும் கரையில். வண்டியை அனுப்ப முடிவு செய்தேன். ஊர் விட்டு ஊர் போகும் கிராண்ட் டாக்ஸியை முழுசாக வாடகைக்குப் பேசலாம் என்பது தெரியும். மூன்று பேருக்கு அது போதும்.

கார்டு ஐயாவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். தலை எண்ணி, உணவகக் கணக்கை முடித்து, பாதிச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, 1:35-க்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். கப்பல் நேரம் 5:05-க்கு 10 பேரும் துறைமுகத்தில். தொழில் பழக்கம்.

இந்த முடிவில் எனக்கு இன்றும் மறுப்பு இல்லை. அடுத்ததில் உண்டு.

முடிவு இரண்டு: தேடிய விதம்

சதுக்கத்திலிருந்து ராஸ் எல் மாவுக்கு நான் நடந்து தேடினேன். வரும் வழியில் எதிரே பார்த்துவிடலாம் என்ற எண்ணம். சந்துகள் பிரிந்து பிரிந்து போகின்றன. இரண்டு முறை முட்டுச் சந்தில் போய் நின்றேன். 30 நிமிடம். ஊர் நேரம் 1:50-க்கு ஊற்றுக்குப் பக்கத்து டீக்கடை நாற்காலியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வீங்கியிருந்தது. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 12:40 வாக்கில் படி இறங்கும்போது கால் மடங்கியதாம். “அவ ஏற முடியலைங்க. இவளை விட்டுட்டு நான் எப்படி வந்து சொல்றது?” என்று கேட்டார். நியாயம்தான்.

அங்கிருந்து ஓட்டுநரை அழைத்தபோது, ராஸ் எல் மா அருகில் வண்டிச் சாலையே வருகிறது, ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸி அங்கே கிடைக்கும் என்றார். இதை 1:15-க்கு அவரிடம் கேட்டிருந்தால், சதுக்கத்திலிருந்து வெளியே வந்து டாக்ஸியில் சுற்றிப் போயிருக்கலாம். அந்த ஊரை நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டு வரைபடத்தை நம்பி ஓடினேன்.

முடிவு மூன்று: பத்து நிமிடம் சாப்பிட்டது

அம்மா சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார், சாப்பிடவில்லை. கை லேசாக நடுங்கியது. மணி ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட வைத்தோம். இந்தப் பத்து நிமிடத்தால்தான் கப்பல் போயிற்று என்று பின்னால் ஒருவர் சொன்னார். சாப்பிடாமல் இரண்டரை மணி நேரம் மலைப்பாதையில் கூட்டிப் போயிருந்தால் கப்பலைவிடப் பெரிய இழப்பு நேர்ந்திருக்கலாம். அதே நிலை மறுபடி வந்தாலும் சாப்பிட வைப்பேன்.

தாங்கிப் பிடித்துச் சாலை வரை ஏற்ற கால் மணி நேரம். சின்ன டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏறலாம், ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. மூன்று பேர் என்பதால் பிழைத்தோம். கிராண்ட் டாக்ஸி நிலையத்தில் பேரம், கழிப்பறை. ஊர் நேரம் 2:40-க்கு, அதாவது கப்பல் நேரம் 3:40-க்குக் கிளம்பினோம்.

சாலையில்

நிகழ்ச்சித் தாளின் அடியில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பலின் உள்ளூர் ஏஜென்ட் எண் போட்டிருக்கும். அன்றுதான் முதல் முறையாக அதை அழைத்தேன். ஏஜென்ட் நிதானமாகப் பேசினார். கப்பல் காத்திருக்காது, ஆனாலும் துறைமுகத்துக்கே வாருங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, ஷெங்கன் விசா பலமுறை நுழைவா என்று இரண்டே கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றதும் அவர் குரலே இளகியது.

டெட்டுவானில் 20 நிமிடம் நின்றோம். துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் நேரம் 6:10. கப்பல் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் யாரோ கை ஆட்டினார்கள். எங்கள் குழுவா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. அம்மா பதிலுக்குக் கை ஆட்டினார்.

அன்று இரவும் மறுநாளும்

டாஞ்சியரில் தங்கிவிட்டுக் காலையில் போகலாமா, இரவே கடலைத் தாண்டிவிடலாமா? கப்பல் மறுநாள் காலை மாலகாவில் நிற்கும். காலையில் கிளம்பினால் படகு, எல்லைச் சோதனை, பஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக அமைய வேண்டும். ஒரு நாளில் ஒரு முறை கணக்குத் தப்பியது போதும் என்று தோன்றியது. அதே துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் கரையிலுள்ள தாரிஃபாவுக்கு வேகப் படகு உண்டு, சுமார் ஒரு மணி நேரம். ஊர் நேரம் 7:00 படகைப் பிடித்தோம்.

அதற்கு முன் ஒரு மருந்துக்கடை. அம்மாவின் இரவு மாத்திரை கப்பல் அறையில் இருந்தது. மருத்துவர் சீட்டின் படம் கணவர் போனில் இருந்ததால் மெட்ஃபார்மின் என்ற பொதுப் பெயரைக் காட்டி வாங்க முடிந்தது. முழங்காலுக்கு ஒரு கட்டுத் துணியும் கொடுத்தார்கள்.

தாரிஃபாவில் முத்திரை. அங்கிருந்து 20 கிலோமீட்டரில் இருக்கும் அல்ஹெசிராஸில் இரவுத் தங்கல். காலையில் பஸ்ஸில் மாலகா. ஏஜென்ட் முன்பே தகவல் கொடுத்திருந்ததால் கப்பல் வாசலில் கேள்வி அதிகம் இல்லை, 11:30-க்கு ஏறிவிட்டோம். டாக்ஸி, படகு, விடுதி, பஸ் செலவை எங்கள் அலுவலகமே ஏற்றது. சொந்தத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் காப்பீடு தராது என்று பாலிசியில் எழுதியிருந்தது. தம்பதியிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் தவறு அவர்களுடையது என்று ஆகிவிடும்.

முழங்கால் காரணமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாளில் இருந்தபடி கப்பல் நேரம் 1:00-க்குச் சாப்பாடு என்றால் ஊர் நேரம் 12:00. தம்பதி ஊற்றைப் பார்க்கச் சதுக்கத்தை விட்டுப் போனதே 12:00 வாக்கில்தான். கால் மடங்கியது 12:40-க்கு. நேரம் சரியாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்தப் படிகளில் அவர்கள் இறங்கியிருக்கவே மாட்டார்கள். எங்களோடு உட்கார்ந்து பிசாரா குடித்திருப்பார்கள். கொடுத்த நேரத்தை அவர்கள் மீறவும் இல்லை. கால் மடங்கியபோது அவர்களிடம் இன்னும் 20 நிமிடம் மிச்சம் இருந்தது. நான் தப்பாகக் கொடுத்த மணிப்படி.

செங்குத்தான ஊர், தேய்ந்த முழங்கால் என்பது முன்பே தெரிந்த விஷயம் என்று வாதிடலாம். உண்மைதான். அவர்களைத் தனியாக விட்டது, போன் தொடர்பு இல்லாமல் விட்டது இரண்டும் என் குறை. ஆனால் அவை தாமதத்தைக் கூட்டின, தொடங்கி வைக்கவில்லை.

மாற்றியவை

இப்போது எங்கள் தாளில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பத்தி: இடது பக்கம் கப்பல் நேரம், வலது பக்கம் ஊர் நேரம். கரையில் கூடும் இடத்துக்கு ஊர் நேரம் மட்டுமே சொல்கிறோம். ஓட்டுநருக்குத் திரும்பும் மணியை ஊர் நேரத்தில் எழுதியே கொடுக்கிறோம். என் கையில் கப்பல் மணிக்கு வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இறங்குவதில் தாமதமானால், அந்தத் தாமதத்தை ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே சுற்றும் நேரத்திலிருந்து கழித்துச் சொல்லிவிட வேண்டும் என்பதும் விதி. குழுவில் இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவர் போனிலாவது ரோமிங் இருக்க வேண்டும். ஒரு நாள் மருந்து கைப்பையில்.

பெரிய கேள்வி ஒன்று முடியாமலே இருக்கிறது. ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் போகும் இடத்துக்குச் சொந்த வண்டியில் போகலாமா? வேண்டாம், கப்பல் சுற்றுலாவிலேயே போகலாம் என்று நான் சொல்கிறேன். கட்டண வித்தியாசத்தைக் கேட்டதும் அடுத்த குழுவில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். கார்டு ஐயாவிடம் கேட்டேன். “வண்டியில போறது தப்பில்லைங்க. கார்டு இல்லாம போறதுதான் தப்பு” என்றார். அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்.